ஒரே கொறங்காடு, வெவ்வேறு வயிறுகள்

காங்கேயத்துக்குத் தெற்கே, உயிர்வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலமான எங்கள் கொறங்காட்டில் இரண்டு குதிரைகள், ஒரு பட்டி மேச்சேரிச் செம்மறி ஆடுகள், கன்றோடு ஒரு காங்கேயம் பசு, காவலுக்கு ஒரு கோம்பை நாய், எண்ணிக்கையில் நிற்காத கோழிகள் என்று ஒரு பெருங்குடும்பம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், இத்தனை உயிர்களுக்கும் உழைக்க நேரம் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். சாணம் அள்ளுவதும் தண்ணீர் இறைப்பதும் உடம்புக்குப் பழகிவிடுகின்றன. பழகாமல் இருப்பது, இருக்க வேண்டியது, ஒவ்வொரு தீவனக் கூடையைத் தூக்கும்போதும் இது யாருடைய வயிற்றுக்குப் போகிறது என்று நின்று யோசிக்கும் வேலை. ஒன்றுக்கு ஊட்டமாக இருப்பது இன்னொன்றைப் படுக்க வைத்துவிடும்.

கொறங்காட்டுப் புல்லையே எடுத்துக்கொள்ளலாம். முள்ளுக்கிளுவை வேலிக்குள், வெள்வேல மரங்களுக்கு அடியில், மழை பெய்த சில நாட்களிலேயே கொழுக்கட்டைப்புல் தலை நிமிர்ந்துவிடும். மாடும் ஆடும் மேய்ந்து வளர இதைவிட நல்ல மேய்ச்சல் நிலம் இந்த வறண்ட வட்டாரத்தில் கிடையாது. கோடையில் புல் காய்ந்த பிறகும் வெள்வேலங்காய்கள் உதிர்ந்து ஆடுகளைக் காப்பாற்றும். ஆனால் இதே புல்லை மட்டுமே தின்று வளரும் குதிரைக்கு நாளடைவில் எலும்பு கெடும். இந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அசை போடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் அவற்றுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. குதிரைக்கு அந்த வசதி கிடையாது. உணவில் கிடைக்காத சுண்ணாம்பை உடல் எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். முகத்தெலும்பு வீங்கும், கால் நொண்டும். இதோடு தினமும் தவிட்டையும் அள்ளிப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. அக்கம்பக்கத்தில் செல்லமாக வளர்க்கப்பட்ட ஒரு மட்டக்குதிரை, கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் மேடு தட்டிய முகத்தோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தவிடு குறைவில்லாமல் கிடைத்து வந்தது. அன்பிலும் யாரும் குறை வைக்கவில்லை.

ஆகவே கிணற்றை ஒட்டிய பாத்தியில் குதிரைமசால் என்ற தீவனப் பயிரைப் போட்டிருக்கிறேன். அதில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். கடலைக்கொடியும் சேர்ந்தால் புல்லின் குறை பெருமளவு ஈடாகிறது. ஆனால் அந்தப் பாத்திக்குள் காலைப் பனி காயுமுன் ஆடோ பசுவோ புகுந்து வயிறு முட்டத் தின்றுவிட்டால், இடது விலா மத்தளம்போல் உப்பி, மூச்சு முட்டி, சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். குதிரையைக் காப்பாற்றும் தீவனத்தைச் சுற்றி ஆட்டுக்கும் மாட்டுக்கும் எதிராக வேலி கட்ட வேண்டியிருக்கிறது. மழையில்லாமல் குன்றிப்போன இளஞ்சோளமும் அப்படித்தான். அதில் ஊறும் சயனைடு நஞ்சு அசை போடுகிறவற்றின் வயிற்றில் மிக வேகமாக வெளிப்படுவதால், பயிர் நன்கு வளர்ந்து பூக்கும்வரை அந்தப் பக்கம் ஒரு ஆட்டையும் விடுவதில்லை.

தீவன அறையில் மூட்டைகளை நான் தள்ளித் தள்ளி வைத்திருப்பதைப் பார்த்து வீட்டில் கேலி செய்வார்கள். மாட்டுக்கான தாது உப்புக் கலவையில் உள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று அதன் இரத்தத்தையே சிதைத்துவிடும். கோழித் தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்குப் பாதுகாப்பானவை; குதிரை தின்றால் மிகச் சிறிய அளவிலேயே இதயத் தசை கெட்டுவிடும். அந்த அறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் போதாது, பூட்டு வேண்டும். எங்கள் மூத்த பெண்குதிரை தாழ்ப்பாளை உதட்டால் தள்ளித் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அவள் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய கத்தியவாரி இனக் குதிரை. காது நுனிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடும்படி உள்நோக்கி வளைந்திருக்கும். கோபம் வந்தால் அவை பின்னால் படிந்துவிடும். லாடம் அடிப்பவர் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை வருவதும், தினமும் குளம்பைத் தூக்கி அடிப்பக்கத்து மண்ணைக் கிளறி எடுப்பதும், ஊறவைத்து வேகவைத்த கொள்ளைப் பிரித்துப் பிரித்து வைப்பதும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். குதிரையின் இரைப்பை அதன் உருவத்துக்குச் சிறியது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப் படைக்கப்பட்ட உடம்பு அது. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. உள்ளே போனது தவறானால் திரும்பி வர வழியில்லை.

ஒரு சித்திரை மாத இரவில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பச்சைத் தீவனம் எங்கும் கிடைக்காமல் காய்ந்த சோளத்தட்டே முழு உணவாகியிருந்த காலம். மாலையில் வைத்த கொள்ளு தொட்டியில் அப்படியே இருந்தது. தரையில் புது லத்தி இல்லை. அவள் முன்காலால் மண்ணைப் பறித்துவிட்டுத் தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். விலாவில் காதை வைத்தேன். எப்போதும் தொலைவில் இடி உருள்வதுபோல் கேட்கும் குடலின் ஓசை ஒரு பக்கம் முழுவதும் அடங்கியிருந்தது. தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணினால் 60-ஐத் தொட்டது. ஓய்வாக நிற்கும் குதிரைக்கு அது 40-ஐ ஒட்டியோ அதற்குக் கீழாகவோதான் இருக்க வேண்டும். மருத்துவர் வரும்வரை தொட்டியைக் காலி செய்துவிட்டு, அவள் விழுந்து புரளாதபடி கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டிருந்தேன். அவர் வலி தணிக்கும் ஊசி போட்டு, மூக்கு வழியாக இரைப்பைவரை குழாய் செலுத்தித் திரவ பாரஃபின் ஊற்றினார். விடியும் நேரத்தில் எண்ணெய் பூசினாற்போல் மின்னும் லத்தி விழுந்தபோது, அதைப் பார்த்து அத்தனை பேர் மகிழ்ந்து நின்றதை வேறு எந்த வீட்டிலும் சொல்லிக்கொள்ள முடியாது. கோடையில் கொள்ளுக் கஞ்சியில் ஒரு கை கல்லுப்பு சேர்ப்பது அன்று முதல் வழக்கம். உப்பு தாகத்தைத் தூண்டும். தண்ணீர் நிறையக் குடித்தால் காய்ந்த தட்டு குடலில் அடைக்காது.

குதிரையாவது வலியைக் காட்டிக் கொடுக்கிறது. செம்மறி கடைசிவரை மறைக்கும். மந்தையில் பின்தங்குவது தெரிந்தால் நரிக்கு இரையாவோம் என்ற பழைய அச்சம் இன்னும் அதன் உடம்பில் இருக்கிறது போலும். ஆகவே காலையில் பட்டிப் படலைத் திறக்கும்போது எண்ணுவது எண்ணிக்கைக்காக மட்டும் இல்லை. எந்த ஆடு எந்த வரிசையில் வருகிறது, எது முண்டாமல் வழிவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் ஆடுகளை மேய்க்கும் ஆத்தா, நான் வெப்பமானியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, “அம்மணி, அந்தச் செவலை நேத்து பொழுதோட அசை போடலை, பாத்தியா?” என்பார். பெரும்பாலும் அவர் சொன்னதை வெப்பமானி ஒத்துக்கொள்ளும். அவருக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. ஆனால் குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும் என்பதில் அவரைப்போல் கண்டிப்பானவரை நான் பார்த்ததில்லை.

இப்போது எங்கள் கவனமெல்லாம் வடகிழக்குப் பருவமழையின் மேல் இருக்கிறது. ஈரச் சேற்றிலும் சாணத்திலும் பெருகும் பொடிப்பூச்சிகள்தான் ஆட்டுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருகின்றன. காய்ச்சல் வந்து, உதடு வீங்கி, குளம்பின் மேல்விளிம்பு சிவந்து, ஆடு மேயவும் நடக்கவும் முடியாமல் போகும். பசுவின் உடம்பில் அதே நச்சுயிரி பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் தங்கியிருக்கும் என்பதால் பசுவின் கொட்டகையை ஆட்டுப்பட்டியிலிருந்து தள்ளிப் போட்டாயிற்று. ஐந்து வகை நச்சுயிரிகளுக்கு எதிரான தடுப்பூசியைப் புரட்டாசிக்குள் போட்டுவிட மருத்துவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பட்டியை மேட்டுக்கு மாற்றப் புதுப் படல்கள் பின்ன வேண்டும். பூச்சியை விரட்டும் மாலை மூட்டத்துக்கு நொச்சியும் வேப்பந்தழையும் வெட்டிக் காயவைக்க வேண்டும். மூட்டப் புகை குதிரைகளின் மூச்சுக்கு ஆகாது என்பதால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் நெருப்பு வைக்க வேண்டியிருக்கும்.