சாவியும் தாக்கோலும்

"அண்ணாச்சி, இதுக்கு ஒரு தாக்கோல் வெட்டணும்."

செங்கோட்டையில் சாவிக்கடை முன்னால் நிற்கிறேன். கேட்டவர் கேரளத்து ஆரியங்காவுப் பக்கத்துக்காரர்; மலையாளத்தில் சாவிக்குத் தாக்கோல் என்றுதான் பெயர். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் பழைய சாவியையும் புதுசையும் ஒன்றாக இறுக்கிவைத்து அரத்தை எடுத்தார். ஒவ்வொரு பல்லாக இறங்க இறங்க, பித்தளைத் தூள் அவர் விரலெல்லாம் மினுங்கியது.

தாழ், கோல். தாழைத் திறக்கும் கோல்தான் தாக்கோல். நம் தாழ்ப்பாளில் இருக்கிற அதே தாழ்!

நாம் வாய் நிறையச் சொல்லும் சாவி, போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. அலமாரி, மேசை, ஜன்னல் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். 1498இல் வாஸ்கோ ட காமா வந்திறங்கியதோ கோழிக்கோட்டுப் பக்கம். மலையாளம் மேசையையும் ஜன்னலையும் வாங்கிக்கொண்டது, தாக்கோலை மட்டும் விடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சரி, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறோம், பொம்மைக்கும் கொடுக்கிறோம். அது இதே சாவி.

வயலில் இருக்கிற சாவி வேறு. "கதிரெல்லாம் சாவியாப் போச்சு" என்று ஒரு விவசாயி சொன்னால், பால் பிடிக்காமல் மணி பதராகிவிட்டது என்று அர்த்தம். இது கப்பலில் வந்த சொல் இல்லை. சாதல் என்பதில் வரும் 'சா' இதில் இருக்கிறது. பூச்சியும் தண்ணீர்த் தட்டுப்பாடும் பார்த்த ஊர்களில் அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

இந்தச் சாவி இப்போது பேச்சில் குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்களா? எழுதுங்கள்.