பழுப்பு வயர்

மார்ச் 2

இருபத்திரண்டு நிமிடம். நேற்றும் அதே கணக்குதான். கொட்டகையின் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்து, காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறிய இஞ்சின் ஒரே சுழற்றலில் பற்றிக்கொள்கிறது. சூடேறியதும், விளக்கை அணைத்ததுபோல் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது, எதுவுமே நடக்காதது மாதிரி.

பெட்ரோல் போதாமல் நிற்கும் இஞ்சின் திணறி, இழுத்து இழுத்துத்தான் நிற்கும். இதில் அந்த இழுப்பே இல்லை. மின்சாரக் கோளாறுதான்.

வீட்டுச் சாவியைக் கொடுக்க இன்னும் இருபத்தாறு நாள்.

மார்ச் 3

கிராங்க் சென்சார். வேறென்னவாக இருக்க முடியும்? ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், எதிரே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தள்ளிச் சுழலும் பற்சக்கரம். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் எழும் துடிப்பை எண்ணித்தான் இஞ்சின் சுற்றுகிறது என்பதே இசியூவுக்கு, அதாவது இஞ்சினை ஆளும் கணினிக்கு, தெரியும். துடிப்பு நின்றால் தீப்பொறியை நிறுத்திவிடும், பெட்ரோல் பம்பையும் நிறுத்திவிடும். சுருளுக்குள் மயிரிழை விரிசல் இருந்தால் சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும். அப்படியே பொருந்துகிறது.

ஆனால் ஆறிய நிலையில் 860 ஓம். நின்றவுடன் சூட்டோடு அளந்தால் 1,050. செம்புக் கம்பி சூடானால் அவ்வளவு ஏறுவது இயல்புதான். அறுந்ததாகக் காட்டவில்லை. இருந்தும் புதிது ஒன்றை வாங்கிவிட்டேன். பொறுமையில்லாதவன் கட்டும் அபராதம்.

மார்ச் 5

புதிய சென்சார். இருபத்துமூன்று நிமிடம்.

மார்ச் 6

வயர்க்கட்டைப் பிரித்தேன். தொழிற்சாலையில் சுற்றிய துணி நாடாவுக்கு நடுவே, கண்ட இடமெல்லாம் அண்ணனின் கறுப்பு டேப். அலாரம், பனிவிளக்கு, இரண்டாவது ஹாரன், எதற்கென்றே தெரியாத இன்னும் சில. வயரின் தோலை உரித்து, முறுக்கி, வலஞ்சுழியாக டேப் சுற்றி விட்டிருக்கிறான். ஈயப்பற்று கிடையாது, அழுத்திய இணைப்பும் கிடையாது. பசை உருகி விரலில் தார் மாதிரி ஒட்டுகிறது. பதினோரு இடம் எண்ணினேன்.

ஜெர்மானிய வயரிங் வரைபடத்தில் 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, 15 என்றால் சாவியைத் திருப்பியதும் வருவது, 31 எர்த். எர்த்துக்குப் பழுப்பு நிறம். குழந்தைக்குக்கூடப் புரியும். அலாரத்தின் எர்த்துக்கு இவன் சிவப்பு வயரைப் போட்டிருக்கிறான். சிவப்பு!

ஒவ்வொன்றையும் அறுக்கும்போது வாய்விட்டுத் திட்டினேன். வீட்டுப் பத்திரத்திலும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டிருப்பான், எது எங்கே போகிறது என்று பார்க்காமல்.

ஈயம் வைக்கலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைக்க வைக்கும். அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு பட்டுப் பட்டு ஒடியும். எனவே எல்லாவற்றையும் குழல் மாட்டி இடுக்கியால் அழுத்தி, மேலே சுருங்கும் உறை போட்டேன். இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. பதினொன்றும் அழகாக இருக்கின்றன.

மார்ச் 7

இருபத்திரண்டு.

மார்ச் 8

இஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரைக் கழற்றி வெந்நீரில் போட்டு அளந்தேன். 20 டிகிரியில் 2,500 ஓமுக்குப் பக்கத்திலும் 80 டிகிரியில் 300 சொச்சத்திலும் நிற்க வேண்டும். எண்கள் கிட்டவே வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்துவிட்டு, மாலையில்தான் கவனித்தேன்: நான் கழற்றியது ஒற்றை முனை சென்சார். அது மீட்டர் பலகையின் முள்ளுக்கானது. இசியூவுக்கானது இரண்டு முனையுடன் நான்கு விரற்கடை தள்ளி, குழாயின் அடியில் ஒளிந்திருக்கிறது. அதை அளந்தால் எல்லாம் சரி. ஒரு நாள் போனது.

வெந்நீர் கையில் கொட்டிவிட்டது. எழுதுகிற கை, இடது. இதையே ஒற்றை விரலால்தான் தட்டுகிறேன்.

மார்ச் 9

மழை. கொட்டகைக்குப் போகவில்லை. தொலைபேசி இரண்டு முறை ஒலித்தது. யாரென்று தெரியும்.

மார்ச் 12

இன்று நின்றபோது கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மீட்டர் பலகையைப் பார்த்தேன். பத்து நாளைக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

இஞ்சின் விளக்கு எரியவில்லை. சாவி போட்டபடியே இருக்க, இஞ்சின் நின்றால் அந்த விளக்கு எரிந்தாக வேண்டும். அதை எரியவைப்பது இசியூ. எரியவில்லை என்றால் இசியூவுக்கே உயிர் இல்லை. சென்சார்கள் என்ன சொல்கின்றன என்று இத்தனை நாள் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தேன். கேட்கவேண்டியவன் மயங்கிக் கிடந்திருக்கிறான்.

போன வாரம், இசியூ பதிந்துவைக்கும் குறைகளைப் படிக்கப் பார்த்ததும் இப்போது புரிகிறது. இது 1991ஆம் ஆண்டு வண்டி. அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான, குறை படிக்கும் 16 முனைச் சொருகியெல்லாம் இதில் இல்லை. இரண்டு முனைகளைத் துண்டு வயரால் இணைத்து, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ண வேண்டும். குறை எதுவும் இல்லை என்றே சிமிட்டியது. செத்துக்கொண்டிருப்பவன் நாட்குறிப்பா எழுதுவான்?

மார்ச் 13

இசியூவுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மெயின் ரிலேயின் மூடியைத் திறந்தேன். ஒரு காலைச் சுற்றி ஈயப்பற்றில் வட்டமாக விரிசல். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மறுபடி பற்றவைத்தேன். இதுதான், இதுவேதான்.

இருபத்திரண்டு நிமிடம்.

அலமாரியைத் தூக்கிப்போக ஆட்கள் வந்தார்கள். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதிதாக இருக்கிறது.

மார்ச் 15

மின்சாரம் வருகிறது. சூட்டில் நின்ற பிறகும் இசியூவின் சொருகியில் 12.4 வோல்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. வருவது சரி, திரும்பிப் போகும் வழி?

எர்த் வயரை மூன்று முறை பார்த்துத் தேறியதாகக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் கீச்சிட்டது, அதை நம்பிவிட்டேன். பல மீட்டர்கள் சில பத்து ஓம் தடை இருந்தாலும் கீச்சிடும். அதிலும், அவை அனுப்பிப் பார்ப்பது மிகச் சிறிய மின்னோட்டம். வயரில் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்குப் போதும். இசியூவுக்குப் போதாது.

எனவே வயருக்கு வேலை கொடுத்துப் பார்த்தேன். இசியூவின் சொருகியைக் கழற்றி, பேட்டரியின் நேர்முனைக்கும் பழுப்பு வயருக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்ப். கணக்குப்படி 1.75 ஆம்பியர் ஓட வேண்டும். ஆறிய நிலையில் கண் கூசியது. சூட்டில் நின்றவுடன் ஓடிப்போய் மாட்டினால் கங்கு மாதிரி சிவந்து மங்கிக் கிடக்கிறது. வயரின் இரு முனைகளுக்கு இடையே 7 வோல்ட் விழுகிறது. 0.1 விழுந்தாலே நான் முகம் சுளிப்பேன்.

வயர்க்கட்டைப் பிடித்து அசைத்தேன். பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு மறுபடி மங்கியது. கை நடுங்கிவிட்டது. கத்தவும் செய்தேன், கேட்கத்தான் யாருமில்லை.

மார்ச் 16

பன்னிரண்டாவது இணைப்பு.

இஞ்சினுக்குப் பின்னால், புகைபோக்கிக் குழாய்களின் சூடு அடிக்கும் இடத்தில், வளைந்த தகரத்துக்கு அடியில். அன்று என் விரல் எட்டவில்லை, அதனால் எண்ணில் சேரவில்லை. டேப்பைப் பிரித்ததும் செம்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பும் பாசிப்பச்சையும். மூன்றே மூன்று முறுக்கு.

திட்ட வாயெடுத்தேன். பிறகு கையில் இருந்த டேப்பைப் பார்த்தேன். இடஞ்சுழி.

அன்று அவன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். எனக்குப் பதினைந்து வயது. டார்ச் பிடிப்பதுதான் என் வேலை. ஒன்றையாவது நான் செய்கிறேன் என்று கெஞ்சியிருப்பேன். சின்னக் கை, சந்துக்குள் நுழையும் என்று விட்டிருப்பான்.

அவனுடைய முறுக்கு ஒவ்வொன்றிலும் எட்டுச் சுற்று. அறுத்துப் போட்ட துண்டுகளைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து எண்ணினேன். உள்ளே செம்பு இன்னும் பளபளக்கிறது.

மார்ச் 17

புது வயர் போட்டாகிவிட்டது. ஓடவிடவில்லை. மனம் வரவில்லை.

மார்ச் 19

இருபத்திரண்டு போனது. முப்பது போனது. நாற்பதாவது நிமிடம் நானே அணைக்க வேண்டியதாயிற்று: வெப்ப முள் சிவப்பைத் தொடப் போகிறது, ரேடியேட்டர் மின்விசிறி சுற்றவே இல்லை. இத்தனை நாள் இருபத்திரண்டிலேயே நின்றதால் விசிறிக்கு வேலையே வரவில்லை.

விசிறிக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தால் சுற்றுகிறது. பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு வயர் பலகைக்கு அடியில் எதிலும் சேராமல் தொங்குகிறது. ஆறாம் தேதி நான் அறுத்த பதினொன்றில் ஒன்றிலிருந்து, மறுபடி சேர்க்க விட்டுப்போனது. எந்த வரைபடத்திலும் இல்லை. அது எங்கே போகிறது என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

தொலைபேசியை மூன்றாவது மணியில் எடுத்தான். நலமா என்றுகூடக் கேட்காமல், அண்ணா, அந்தப் பச்சை வெள்ளை வயர் எங்கே போகிறது என்றேன்.

நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, எந்தப் பக்கம் தொங்குகிறது, பெடல் பக்கமா, கதவுப் பக்கமா என்றான்.

மார்ச் 20

பெடல் பக்கம். நாளை வருகிறானாம், அதுவரை எதையும் அறுக்கக் கூடாதாம். இரவு டார்ச்சை எடுத்துப் பார்த்தேன், செல்லெல்லாம் கசிந்து பூத்திருக்கிறது. காலையில் புதிது வாங்க வேண்டும்.