தூசி கிளப்பாத கட்டர்

குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டப் போகிறோம் என்று சொன்னதும் அப்பா கேட்டது ஒன்றுதான். "எதுல வெட்டப் போறீங்க?"

அப்பா பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் 22 வருடம் வேலை பார்த்தவர். பெரிய கல்லை அறுக்கும் மெஷினில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அங்கே தூசி சேறாகிக் கீழே போய்விடும். அப்பா இருந்தது ஓரம் வெட்டும் இடம். கை மெஷின், காய்ந்த கல், முகத்துக்கு ஒரு துண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண் இமை வெள்ளையாக இருக்கும். முருங்கை மரத்தடியில் சட்டையை உதறிவிட்டுத்தான் உள்ளே வரச் சொல்லுவாள் அம்மா. இப்போது அவரால் மாடிப்படி நாலு ஏறினால் ஐந்தாவதில் நின்றுதான் ஏற முடிகிறது.

கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கல்லில் இருக்கும் சிலிக்காவின், கண்ணுக்குத் தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிவரை போய்ப் படிந்து தழும்பாகிறது. அந்தத் தழும்பு ஆறாது. இந்த நோய்க்குச் சிலிகோசிஸ் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே பெயர் இருந்தது. அந்தப் பட்டறையில் ஒருவரும் அந்தச் சொல்லை அப்பாவிடம் சொன்னதில்லை. டைல்ஸிலும், அதுவும் விட்ரிஃபைட் டைல்ஸில், அதே சிலிக்கா உண்டு. அதனால் அப்பா படுத்திருக்கும் வீட்டில் ஏஜி ஃபோர் என்கிற கை அறுப்பு மெஷினை வைத்துக் காய்ந்தபடி டைல்ஸ் அறுக்க நான் விடமாட்டேன் என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது.

பேசி வைத்திருந்த மேஸ்திரி ஓசூரில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். தம்பிக்குக் கொத்து வேலை ஓரளவு தெரியும். எனக்கு அளவு தெரியும். காவேரிப்பட்டணத்தில் வீட்டு முன்னறையில் 15 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். நாமே ஒட்டலாம் என்று இறங்கினோம்.

துணியை வெட்டுவதற்கு முன் பேப்பரில் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். குளியலறையையும் அப்படியே போட்டேன். தரை 64 அங்குலத்துக்கு 86 அங்குலம், டைல்ஸ் ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரு அடிக்கு ஒரு அடி. ஒரு மூலையிலிருந்து முழு டைல்ஸாக அடுக்கிக்கொண்டே போனால் ஒரு பக்கம் 4 அங்குலமும் இன்னொரு பக்கம் 2 அங்குலமும் மிஞ்சும். அந்த 2 அங்குலப் பட்டை பார்க்கவும் அசிங்கம், உடைத்து எடுக்கவும் கஷ்டம். நடுவிலிருந்து ஆரம்பித்தால் நீளவாக்கில் இரண்டு ஓரத்திலும் 7 அங்குலம், அகலவாக்கில் இரண்டு ஓரத்திலும் 8 அங்குலம். வெட்டு கூடும், ஆனால் எல்லாம் அகலமான துண்டு. சுவருக்கு 12க்கு 18 அங்குல டைல்ஸைப் படுக்க வைத்தால் 7 அடி உயரத்துக்குச் சரியாக ஏழு வரிசை. உயரத்தில் வெட்டே இல்லை, வரிசை முடியும் இடத்தில் மட்டும்தான்.

எண்ணிப் பார்த்தால் நேர் வெட்டு அறுபதுக்கு மேல். கதவு மூலைக்கும் தரைத் தண்ணீர் வடியும் நானி ட்ராப்புக்கும் எல் வடிவ வெட்டு மூன்று. குழாய்க்கும் கீசருக்கும் துளை ஐந்து. இந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகு எனக்குக் குழப்பமே இல்லை. அறுபது நேர் வெட்டும் கரண்ட் இல்லாமல் கையால் தள்ளுகிற கட்டரில் முடியும். அதில் தூசி பறக்காது, ஏனென்றால் அது அறுப்பதே இல்லை. சின்னச் சக்கரம் மேல்பூச்சில் ஒரு கீறல் போடும், பிறகு அழுத்தினால் அந்தக் கோட்டிலேயே டைல்ஸ் பிளந்துகொள்ளும். சில்லு கொஞ்சம் விழும், அவ்வளவுதான்.

எவ்வளவு நீளத்தில் வாங்குவது என்பதில்தான் இரண்டு நாள் யோசித்தேன். குளியலறைக்கு 600 மில்லிமீட்டர் போதும். ஆனால் அடுத்து சமையலறைத் தரைக்கு இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைட். அதுவும் 600தான். கட்டரும் 600, டைல்ஸும் 600 என்றால் கடைசி ஓரத்தில் சக்கரம் போய் முட்டிக்கொள்ளுமோ என்று பயம். கால் அங்குலம் கீறல் படாமல் விட்டாலும் உடையும்போது அங்கேதான் கோணும். எல்லா இரண்டுக்கு இரண்டையும் மூலைவிட்டமாக வெட்ட 850 மில்லிமீட்டர் வேண்டும், அந்த வேலை எங்களுக்கு இல்லை. 800 வாங்கினேன்.

வாங்கும்போது டைல்ஸை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான் ஒன்றுக்கு ஒன்று ஒன்றையும், இரண்டுக்கு இரண்டு ஒன்றையும் பழைய புடவையில் சுற்றிக் கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். முதல் கடையில், "வெட்டிக் காட்டறதெல்லாம் இல்லம்மா" என்றார்கள். ரவுண்டானா பக்கம் இன்னொரு கடையில் ஒரு பையன், "குடுங்கக்கா" என்று வாங்கி, இரண்டு கட்டரில் போட்டுக் காட்டினான்.

ஒற்றைக் கம்பி கட்டரின் கைப்பிடியைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் சக்கரம் நூலளவு ஆடியது. இரண்டு கம்பி வைத்ததில் ஆடவில்லை. தையலில் அளவுக் கோடு போட நாங்கள் பல் சக்கரம் உருட்டுவோம். அச்சு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு இரட்டையாக விழும். இதுவும் அதேதான். சொரசொரப்பான தரை டைல்ஸில் சின்னச் சக்கரம் குதித்துக் குதித்துப் போனது, கோடு விட்டு விட்டு விழுந்தது. அவன் கொஞ்சம் பெரிய சக்கரம் மாட்டியதும் விடாமல் ஓடியது. மாற்றுச் சக்கரம் அதே கடையில் கிடைக்கும் என்பதை உறுதி செய்துகொண்டு 4,600 ரூபாய் கொடுத்தேன். தம்பிக்கு அது அதிகமாகத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் முதல் நாள் நான்கு டைல்ஸ் வீணாயிற்று. கோடு சரியாக விழவில்லை என்று அதன் மேலேயே இரண்டாவது தடவை ஓட்டியதுதான் தப்பு. இரண்டு கீறல் இருந்தால் பிளவு எதில் போவது என்று தெரியாமல் நடுவில் விலகிவிடுகிறது. ஒரே தடவை, ஒரே அழுத்தம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. சக்கரத்து அச்சில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்ட பிறகு சத்தமே மாறியது. நல்ல கீறல் 'சர்ர்' என்று ஒரே சீராகக் கேட்கும், கோடு வெள்ளை மயிரிழை போல இருக்கும். நடுவில் சத்தம் அறுந்தால் டைல்ஸும் அங்கே அறுந்து போகும். அப்பா உள்ளே கட்டிலில் படுத்தபடியே கேட்டுவிட்டு, "அது போச்சு, வேற எடு" என்பார். ஒருமுறை கூடத் தப்பவில்லை.

எல் வெட்டு மூன்றுக்கும் துளைகளுக்கும் மட்டும் தண்ணீர்க் குழாய் வைத்த மார்பிள் கட்டரையும், துளை போடும் டைமண்ட் பிட்டையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். அன்று காலையிலேயே அப்பாவைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு தம்பி வெட்டினான், ஈரமாகத்தான். போகும்போது அப்பா சொன்னது: "சேறு காயறதுக்குள்ள கழுவிடு பாப்பா. காஞ்சா திரும்பத் தூசிதான்." மூன்று குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

தரையில் கடைசி மூலைத் துண்டு மிச்சமிருந்தபோது அப்பா எழுந்து வந்து முக்காலியில் உட்கார்ந்தார். டைல்ஸைத் தடவிப் பார்த்து, ஓரம் பொருத்தி, ஒரே தள்ளு. டக்கென்று பிளந்தது. வெட்டிய ஓரத்தைச் சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து என்னிடம் நீட்டினார். பிறகு கையைத் திருப்பி உள்ளங்கையையும் விரல் இடுக்கையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாக ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"இன்னொண்ணு இருந்தா குடு" என்றார்.