1729ஐ வகுத்தால் ஒரு டப்பா

மருந்துக் கம்பெனி ரெப்புக்குக் காத்திருப்பதுதான் பாதி வேலை. டாக்டர் வரச்சொன்ன நேரத்துக்கும் உள்ளே கூப்பிடும் நேரத்துக்கும் நடுவில், கும்பகோணத்தில் நான் சாரங்கபாணி சன்னதித் தெருவில் போய் நிற்பேன். ராமானுஜன் வீடு அங்கேதான். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2003இல் வாங்கிச் சீர்செய்து அருங்காட்சியகமாக வைத்திருக்கும் சின்ன ஓட்டு வீடு. காரில் வந்து இறங்குவார்கள், திண்ணை முன்னால் ஒரு செல்ஃபி, உள்ளே மார்பளவுச் சிலை முன்னால் இன்னொன்று, கிளம்பிவிடுவார்கள். தெருவைப் பார்த்த ஜன்னலோரம் கிடக்கும் கட்டிலையும் கொல்லைக் கிணற்றையும் நின்று பார்ப்பவர்கள் குறைவு.

இவர்களை இன்னும் பத்து நிமிடம் உள்ளே நிறுத்தி வைக்க ஜியோகேச்சிங் உதவும் என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்கு: ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. உடனே மே 3ஆம் தேதி ஒரேகானில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்துவைத்து விளையாட்டைத் தொடங்கினார். அந்த வாளியில் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்ததாம். (இப்போது சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது. எறும்பு ஒன்று போதும், ஏன் என்று சொல்லிவிடும்.) அதற்கு முன் பிழை 100 மீட்டர் வரை போகும். சாரங்கபாணி கோயிலைத் தேடிப் போனால் பின்னால் பொற்றாமரைக் குளத்தில் இறக்கிவிட்டிருக்கும்.

ராமானுஜன் வீட்டுக்குள் டப்பா வைக்கிற யோசனையே எனக்கு இல்லை. பழைய சுவரில் விரலை விட்டு நோண்டச் சொல்வது பாவம். வீட்டில் பார்ப்பதும் எண்ணுவதும் மட்டும். டப்பா வேறு தெருவில், நண்பன் வீட்டுத் திண்ணையில். இப்படிப் பல கட்டமாக வைப்பதற்கு மல்டி கேச் என்று பெயர். வீட்டில் எதை எண்ண வேண்டும் என்று இங்கே எழுத மாட்டேன். கூகுளில் கிடைக்காதவையாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன், அதில் ஒன்றுக்காகக் கொல்லை வரை போயே ஆகவேண்டும்.

அடுத்தது கணக்கு. ராமானுஜன் பெயரில் புதிர் போட்டுவிட்டு 1729 இல்லையென்றால் ஊர் சும்மா விடாது. 10இன் கனம் 1000, 9இன் கனம் 729. 12இன் கனம் 1728, 1இன் கனம் 1. இரண்டு வழியிலும் 1729. இப்படி இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு வழியில் வரும் மிகச் சிறிய எண் இது என்று ராமானுஜன் சொன்னார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை, எல்லோரும் கனத்தைத்தான் பிடிப்பார்கள். அதனால் நான் பகாக் காரணிகளுக்குப் போனேன்: 7, 13, 19. வீட்டில் எண்ணிய எண்களை இவற்றோடு பெருக்கிக் கூட்டினால் இடத்தின் கடைசி மூன்று இலக்கங்கள் வரும். பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளிடம் சோதித்தேன். "மாமா, இலக்கத்தையெல்லாம் கூட்டினா 19. திருப்பிப் போட்டா 91. ரெண்டையும் பெருக்கினா அதே 1729!" என்றாள். போட்டுப் பார்த்தேன், சரிதான். இத்தனை வருஷம் இந்த எண்ணைச் சொல்லித் திரிகிற எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

தீர்க்கரேகையோ அட்சரேகையோ, நிமிடத்தில் (நேரம் இல்லை, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது அந்தக் கடைசி இலக்கத்தில் ஒன்று, தரையில் இரண்டு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. காகிதத்தில் அவ்வளவு துல்லியம். ஆனால் நம் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். போன் காட்டும் புள்ளி ஏழெட்டு மீட்டர் நகர்ந்தால் அடுத்த வீட்டுக்காரர் திண்ணையில் போய் நிற்போம். கடைசிப் பத்தடிக்குக் குறிப்பு எழுதித்தான் ஆகவேண்டும். "விளக்கு வைக்கும் இடம்" என்று எழுதினேன். மாடப்பிறை உள்ள திண்ணை அந்த வரிசையில் அது ஒன்றுதான்.

டப்பா எவர்சில்வர். உள்ளே ஜிப் வைத்த உறை, அதில் தாள், பென்சில். பேனா வேண்டாம், ஐப்பசி மழையில் மை ஊறிவிடும். மேலே "ஜியோகேச், விளையாட்டுப் பொருள்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். கோயில் ஊரில் கேட்பாரற்ற டப்பா கிடந்தால் போலீஸ் வரும், அதுவும் நியாயம்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால், யாரும் பார்க்காதபோது எடுக்க வேண்டும் என்பதை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். டெல்டாவில் அது நடக்கிற காரியமா? தெருவில் புது ஆள் நுழைந்தாலே "யாரைப் பாக்கணும்?" என்று நாலு திண்ணை கேட்கும். இங்கே ஒளித்து வைப்பதைவிட முதலில் தெருவுக்குச் சொல்லி வைப்பதுதான் வேலை. சொன்னேன். விளைவு, அக்கா மகள் மாடப்பிறையைத் தாண்டி அடுத்த தூணில் தேடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பாட்டி குரல் கொடுத்தார்: "என்னம்மா, அந்த டப்பாவா? அங்க இல்ல. இந்தப் பக்கம் வா, கையை நல்லா உள்ள விடு."

கடினம் 5க்கு 3 என்று குறித்து வைத்திருந்தேன். பாட்டி திண்ணையில் இருக்கும்வரை அது 1.

இன்னொன்றும் நடந்தது. இந்த விளையாட்டில் முதலில் கண்டுபிடிப்பவருக்குத் தனி மரியாதை. அக்கா மகள் ஆசையாகத் தாளை விரித்தால், முதல் வரியில் பாட்டியின் கையெழுத்து, தமிழ்த் தேதியோடு. "பென்சில் இருந்துச்சு, எழுதினேன்" என்றார். விதிப்படி அவர் செய்ததில் தப்பே இல்லை. தாளில் எழுதினார், டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தார்.

இன்னும் தளத்தில் போடவில்லை. அங்கே ஒரு தன்னார்வலர் சரிபார்த்த பிறகுதான் வெளியாகும். அதற்கு முன் அருங்காட்சியகத்தில் முறையாகச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். கடினத்துக்கு 2 போடலாம் என்றிருக்கிறேன். பாட்டி மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவார்.