மேகசினில் ஒரு மயிரிழை

ராணுவத்தில் நான் ஆர்மரர். துப்பாக்கியைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டிக் கொடுக்கிற வேலை. 7.62 எஸ்.எல்.ஆர். ரைஃபிள் காலத்தில் சேர்ந்தவன். அதற்குப் பதிலாக 5.56 இன்சாஸ் ரைஃபிள் கைக்கு வந்தபோது எல்லோரையும் போல எனக்கும் சந்தோஷம்தான். உதைப்பு குறைவு, தோட்டா எடையும் குறைவு. தோட்டாக்களை அடுக்கி ரைஃபிளில் பூட்டும் மேகசின் கண்ணாடி மாதிரி இருந்ததால் எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும்.

அந்த மேகசின்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. 1999 கார்கில் சண்டையில், குளிரில் அது விரிசல் விட்டதும் சுடும்போது எண்ணெய் முகத்தில் தெறித்ததும் பத்திரிகையிலேயே வந்த சங்கதி. நான் நேரில் பார்த்தது அதற்குச் சில வருடம் கழித்து, லடாக்கில் ஓர் உயரமான போஸ்ட்டில்.

மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். "அண்ணே, ரைஃபிள் சுடும்போது திரும்பத் திரும்ப மாட்டுது. நான் சுத்தமாத்தான் வச்சிருக்கேன்." பேரலுக்குள் புல்த்ரூவை, அதாவது துணி கட்டிய கயிற்றை, விட்டு இழுத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. ஆனால் அதற்கு முன்பே மேலே போயிருந்த அறிக்கையில் 'பராமரிப்புக் குறைவு' என்று இருந்தது. அதில் என் கையெழுத்தும் உண்டு. இன்றும் உறுத்துகிறது.

டார்ச் அடித்து மேகசின் வாயைப் பார்த்தேன். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் விளிம்பில் மயிரிழை அளவு விரிசல். கட்டைவிரலால் அழுத்தினால் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. விளிம்பு தளர்ந்தால் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொள்ளும். போல்ட் தள்ளும்போது, வெடிக்கும் முன் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் போகாமல் முட்டி நிற்கும்.

அன்றே எல்லா மேகசினுக்கும் பெயின்டில் எண் போட்டு ஒரு நோட்டு ஆரம்பித்தேன். எந்த ரைஃபிள், எந்த மேகசின், என்ன குளிர், ராத்திரி எங்கே வைத்திருந்தது. ரைஃபிளை மாற்றினாலும் கோளாறு சில மேகசின்கள் பின்னாலேயே போனது. விடிகாலையில் மட்டும் மாட்டுகிற ரைஃபிள்கள் தனி ரகம். அவை எல்லாம் புகாரி என்கிற கணப்படுப்பு எரியும் பங்கருக்குள் படுத்தவை. குளிர்ந்த இரும்பு சூட்டில் வியர்க்கும். வெளியே எடுத்துப் போனதும் அந்த ஈரம் உள்ளேயே உறைந்துவிடும். ரைஃபிள் ஸ்டாண்டை வாசலுக்கு வெளியே, சூடு படாத இடத்துக்கு மாற்றினோம். எண்ணெயைத் துடைத்து, பேருக்கு மட்டும் பூசச் சொன்னேன். விடிகாலைத் தொல்லை அதோடு நின்றது.

வியட்நாம் போரில் அமெரிக்கர்களின் எம்-16 ரைஃபிள் மாட்டியபோதும் முதலில் பழி விழுந்தது சிப்பாய் மேல்தான். தோட்டாவின் வெடிமருந்து மாறியிருந்தது, சேம்பரில் குரோம் பூச்சு இல்லை, கிளீனிங் கிட்டும் போதவில்லை. சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே சிக்கியதால், மறுபடி சுட முடியாமல் செத்தவர்கள் உண்டு. அமெரிக்க காங்கிரஸின் துணைக்குழு 1967இல் விசாரித்து இவற்றை வெளியே கொண்டுவந்தது. குரோம் பூசி, கிட் கொடுத்து, பராமரிப்பைச் சொல்லிக் கொடுத்த பிறகு அதே துப்பாக்கி உழைத்தது.

விரிசல் விட்ட ஏழு மேகசின்களைத் தோட்டாப் பெட்டியில் அடுக்கி, நோட்டின் நகலோடு கீழே அனுப்பினேன். அறிக்கையின் முதல் வரியில் அந்தப் பையன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதினேன்.