கூந்தன்குளத்துத் தெருக்களில் நாரைகள்

பறவைகளைப் பார்க்கக் கூந்தன்குளம் சரணாலயத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் குளத்துக்குப் போய்விடுகிறார்கள். முதலில் ஊருக்குள் நடங்கள் என்பேன் நான். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போக வேண்டும். வறண்ட சீமை, பாதை நெடுகப் பனையும், உச்சி தட்டையாகக் கிளை பரப்பிய உடைமரங்களும்தான். பிப்ரவரி வெயிலில் மின்கம்பிக்கு மின்கம்பி கரிச்சானும் பனங்காடையும் உட்கார்ந்திருந்தன.

ஊர் எல்லையிலேயே வாடை வந்துவிடுகிறது. மீன் கவிச்சியும் எச்சமும் கலந்த நெடி. வீட்டு வாசல் வேம்பிலும் புளியிலும் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு வைத்திருக்கின்றன. வளர்ந்த நாரை அநேகமாகக் குரல் எழுப்புவதில்லை. அலகைத் தட்டித்தான் பேசும். அந்தத் தட்டலும், இரை கேட்டுக் குஞ்சுகள் போடும் கூச்சலும் ஓய்வதே இல்லை. அதற்குக் கீழேதான் பாத்திரம் துலக்குகிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இறக்கையின் பின்பகுதியில் அந்த நாரைக்கு இருக்கும் ரோஜா நிறத்தைப் படங்களில் பார்த்திருக்கிறேன். தலைக்கு மேல் இத்தனை நெருக்கத்தில் பார்த்தபோது பேச்சே வரவில்லை.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் ஆச்சியிடம், இவ்வளவு எச்சத்தையும் எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். “பேறுகாலத்துக்கு வந்த பிள்ளையைப் போ என்று சொல்ல முடியுமா தாயி?” என்றார். பறவைகள் மிரளும் என்பதால் இங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1994-இல். கூழைக்கடாக்கள் இந்த ஊரில் கூடு கட்டுவது 1906-லேயே பதிவாகிவிட்டது. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர் காவலுக்கு இருந்திருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப்படுகிறது.

குளத்துக்குள் கருவேல மரங்கள் தண்ணீரில் நிற்கின்றன. கூழைக்கடாக்கள் வெக்கை தாங்காமல் அலகுப் பையைப் படபடவென்று அசைத்துக்கொண்டிருந்தன. கரண்டிவாயன்கள் அலகால் நீரை இருபுறமும் துழாவிக்கொண்டு நடந்தன. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை கொண்ட வரித்தலை வாத்துகள் தூரத்துத் திட்டில் படுத்திருந்தன. இமயத்தைத் தாண்டி வரும் பறவை அது. பூநாரை கண்ணில் படவில்லை. பரவாயில்லை.

கரையில்தான் நான் அதிக நேரம் இருந்தேன். தொலைநோக்கியோடு வருகிறவர்கள் காலடியைப் பார்க்காமல் போவது எனக்கு வருத்தம். ஈரம் இருக்கும் இடமெல்லாம் பொடுதலை படர்ந்து, பொத்தான் அளவுகூட இல்லாத பூக்களை நீட்டியிருக்கிறது. சற்று உள்ளே நீர்முள்ளி. ஊதாப் பூவைப் பறிக்கப் போனால் முள் தடுக்கும். மேட்டில் தும்பை, நெருஞ்சி, ஆவாரை. எருக்கிலைகளைப் புரட்டிப் பார்த்தேன். வெந்தயவரியன் பட்டாம்பூச்சியின் கோடுபோட்ட புழு ஒன்று இலையின் ஓரத்தை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடலில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். இத்தனை ஆயிரம் அலகுகளுக்கு நடுவில் அது நிதானமாகத் தின்ற அழகை விட்டு எழுந்துவர மனமில்லை. வேலியில் கோவைக்கொடி பழுத்துக் கிடந்தது. கொண்டைக்குருவிகள் அதை விட்டு நகரவில்லை.

சீமைக்கருவேலம் இங்கும் கரையோரம் நுழைந்திருக்கிறது. அது அடர்ந்த இடத்தில் தும்பையும் இல்லை, புல்லும் இல்லை.

எல்லாம் தண்ணீரைப் பொறுத்தது. மணிமுத்தாறு அணையின் நீர் கால்வாய் வழியே வந்து குளம் நிறைந்தால்தான் பறவை தங்கும். ஆகவே புறப்படும் முன் குளத்தில் நீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். கூட்டுக்கு அடியில் நின்று கைதட்டிப் பறக்கவைத்துப் படம் எடுக்காதீர்கள். பெற்றவை எழுந்து போனால் குஞ்சுகள் வெயிலில் வாடும்.