சந்தைக்குப் போன சித்திர வகுப்பு

எங்கள் வகுப்பில் சித்திரம் எடுத்தவர்கள் சிலரே. பிள்ளை டொக்டராகவோ எஞ்சினியராகவோ வரவேண்டும் என்று வீடுகள் விரும்பிய காலம் அது. எங்கள் சித்திர மாஸ்ரரோ அந்தப் பாடத்தை உயிராக நினைத்தவர். யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்கு நடத்திய விடுமுறைக்கால ஓவியர் கழகத்தில் பயின்றவர். 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வின்சர் ஆர்ட் கிளப்பைப் பற்றித் தன் குடும்பக் கதையைப் போலச் சொல்லுவார்.

கலண்டர் படங்களைப் பார்த்து வரைய அவர் விடமாட்டார். சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் மீனவர் ஊரான பாசையூர்க் கரைக்கும் எங்களைக் கூட்டிப்போவார். மீனை ஏலம் கூறுபவரின் நீட்டிய கை, பனையோலைக் கடகம் தூக்கும்போது வளையும் முதுகு, சைக்கிளில் கட்டிய பெட்டியின் சாய்வு எல்லாவற்றையும் பென்சிலால் பிடிக்க வேண்டும். "ஆட்கள் உனக்காக நிற்கமாட்டார்கள், முதலில் உடம்பின் சாய்வைப் போடு, முகம் பிறகு" என்பார். நிழலுக்குக் கறுப்பைத் தொடவும் கூடாது. நீலத்தையும் மண்சிவப்பையும் கலந்து அந்தச் சாம்பல் நிறத்தை நாங்களே உண்டாக்க வேண்டும். வெள்ளையடித்த மதிலில் விழும் மத்தியான நிழலை உற்றுப் பார்த்தால் அதற்குள் நீலம் தெரியும். இன்றும் என் நிறத்தட்டில் கறுப்பு இல்லை.

பின்னர் லண்டனுக்கு வந்தேன். பகலில் கடை வேலை, மாலையில் ஓவிய வகுப்பு. ஓவியமே முழுநேரத் தொழிலாக நெடுங்காலம் பிடித்தது. அந்த நாட்களில் எனக்குத் துணை நின்றவர் பழைய ஆங்கில ஓவியர் டேர்னர். அவர் நாட்டுக்கு விட்டுச்சென்ற ஏறத்தாழ 300 வரைபுத்தகங்கள் லண்டனின் டேட் பிரிட்டன் ஓவியக்கூடத்தில் இருக்கின்றன. முன்கூட்டியே பதிவு செய்தால் யாரும் பார்க்கலாம். சில, சட்டைப்பையில் அடங்குபவை. போன இடமெல்லாம் பென்சிலால் விரைந்து குறித்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் பின்னர் சேர்த்திருக்கிறார். மாஸ்ரர் எங்களுக்குப் பழக்கிய முறையும் அதுதானே!

வெனிசுக்குப் போகும் ஓவியர்கள் மாளிகைகளைத் தேடுவார்கள். நான் விடிந்ததும் ரியால்டோ மீன்சந்தைக்குப் போனேன். கணவாயை ஐஸ் மேல் அடுக்கும் விரல்கள், ஈரத் தரையில் விழும் காலை வெளிச்சம், விலை சொல்லும் வாய்கள். மொழி தெரியாவிட்டாலும் அந்த உடம்புகளின் அசைவு எனக்கு நன்றாகத் தெரிந்தது. பாசையூரில் பழகிய கை தயங்காமல் ஓடியது. அந்தப் படங்களே என் முதல் தனிக் கண்காட்சியாயின. லண்டன் டூட்டிங் பகுதியின் கடைகளில் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து வாங்கும் அம்மாமாரை இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன். இதற்குப் பயணச் செலவு ஒரு பஸ் டிக்கெட்.

நம் பழைய மாணவர் சங்கச் செயற்குழுவிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கல்லூரிக்கு நாம் அனுப்பும் உதவியில் சித்திர அறைக்கும் ஒரு பங்கு வையுங்கள்: நீர்வண்ணத்தை ஊறாமல் தாங்கும் தடித்த தாள், நல்ல தூரிகைகள், பிள்ளைகளைச் சந்தைக்கும் கடற்கரைக்கும் அழைத்துப்போக வாகனச் செலவு. முதலாண்டுத் தாளுக்கான பணத்தை நான் தருகிறேன்.